கூப்பிட்டால் போகும் டூட்டியும் கைவிட முடியாத வேலையும்

வாசகர் கேள்வி – பதில்

திருப்பூர், கோவை, ஈரோடு, காங்கயம் பக்கமிருந்து வந்த கடிதங்களில் ஒரே சங்கடம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆறு மாத நர்சிங் அசிஸ்டெண்ட் படிப்பை முடித்தவர்கள், கம்பெனியிலோ கடையிலோ நிலையான வேலையில் இருக்கிறார்கள். ஆள் குறையும் நாளில் ஆஸ்பத்திரி கூப்பிடுகிறது. போனால் உடம்பு தாங்குவதில்லை, போகாவிட்டால் அடுத்த முறை கூப்பிடுவார்களோ என்று பயம். வார்டு மேற்பார்வையிலும் தொழிலாளர் நலத்திலும் அனுபவம் உள்ளவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேனுங்க. காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட், 450 ரூபாய். ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆள் வராத நாளில் என்னைக் கூப்பிடுகிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் போன் வரும். ராத்திரி எட்டுக்கு ஏறினால் காலையில் எட்டுக்குத்தான் இறங்க முடியும், 700 ரூபாய். அப்படியே கம்பெனிக்கு ஓடுகிறேன். ரெண்டையும் விட மனசில்லை. எப்படிச் சமாளிக்கிறதுங்க?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் மணிக் கணக்கைப் பார்த்துவிடுவோம், சகோதரி. கம்பெனிக்குப் போகக் காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பீர்கள். இரவு பத்தரை ஆகும்போது விழித்து 17 மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரம் தூங்காதவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவர் அளவுக்குக் குறைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்கான வரம்பே 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். உங்கள் வார்டில் அப்போது இரவு பத்தரைதான், இன்னும் ஒன்பதரை மணி நேரம் பாக்கி. காலை எட்டுக்கு 26 மணி நேரத்தைத் தாண்டியிருப்பீர்கள். கம்பெனியில் மாலை ஐந்தரைக்கு மணி அடிக்கும்போது 36 மணி நேரம்.

இரண்டுமே கண்ணை நம்பிச் செய்கிற வேலை என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. செக்கிங் டேபிளில் ஆயில் கறையும் ஊசி ஓட்டையும் தையல் விட்ட இடமும் கண்ணில் படாமல் போனால் லாட் திரும்பி வரும். வார்டில் பெரும்பாலும் விடிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள்தான் தவறு நடக்கும். ஆறாம் பெட்டின் பிரஷரை ஏழாம் பெட்டின் சார்ட்டில் எழுதுவது, யூரின் பையைக் காலி செய்துவிட்டு வால்வை மூடாமல் விடுவது, பெட்பான் வைத்துவிட்டுப் பக்கத் தடுப்பை ஏற்றாமல் நகர்வது. இந்தக் கடைசித் தவறில்தான் வயதானவர்கள் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது பணம். 450-ஐ எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 56 ரூபாய். 700-ஐப் பன்னிரண்டுக்கு வகுத்தால் 58. ஆக, ஆஸ்பத்திரி கொடுப்பது மணிக்கு இரண்டு ரூபாய்தான் அதிகம். மறுநாள் தாங்க முடியாமல் கம்பெனிக்கு லீவு போட்டால் 450 போய்விடும், மீதி 250. ராத்திரி டீ, காலை டிபன், அவசரத்துக்கு ஏறும் ஆட்டோ எல்லாம் கழித்தால் அந்த இரவுக்கு உங்கள் கையில் 150 நின்றால் பெரிது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். கம்பெனி அதைச் சரியாகக் கொடுத்தால் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பதே லாபம்.

இதற்காக ஆஸ்பத்திரி டூட்டியை விடச் சொல்லவில்லை. படித்த படிப்பு கையில் நிற்க வேண்டும், நாளைக்கு நிரந்தர வேலை அங்கேயே கிடைக்கலாம். எந்த டூட்டிக்குச் சம்மதிப்பது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தோதானது ஞாயிற்றுக்கிழமைப் பகல் டூட்டி. சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்து இரவு நன்றாகத் தூங்கிவிட்டு, காலையில் புதுத்தெம்போடு போகலாம். மாதத்தில் இரண்டு ஞாயிறு போதும். மற்ற ஞாயிறுகளை ஓய்வுக்கு விட்டுவிடுங்கள். ஏழு நாளும் வேலை என்று மூன்று வாரம் ஓடினால் நாலாவது வாரம் காய்ச்சலில் படுக்க வேண்டியதுதான். சனிக்கிழமை இரவு டூட்டி ஓய்வுபோலத் தெரியும். ஆனால் சனிக்கிழமையும் ஐந்தரைக்கு எழுந்தவர்தானே நீங்கள், அதே 17 மணி நேரக் கணக்குதான் வரும். அன்று கம்பெனி அரை நாளோடு விட்டு, மதியம் இரண்டு மூன்று மணி நேரம் தூங்க முடிந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

பலர் யோசிக்காத இன்னொரு வாய்ப்பும் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருப்பூர் கம்பெனிகள் நாள் கணக்கில் பூட்டிக் கிடக்கும். ஆஸ்பத்திரிக்கோ அதே நாட்களில்தான் ஆள் பஞ்சம், வெளியூர் ஸ்டாஃப் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரத்தில் நோம்பிக்கு இரண்டு நாள் வைத்துக்கொண்டு, தூக்கம் கெடாமல் நாலு டூட்டி பார்க்கலாம். ஒரு மாதம் முன்பே நர்சிங் இன்சார்ஜிடம் தேதியைச் சொல்லி வையுங்கள். பண்டிகைக்குக் கூடுதல் தொகை உண்டா என்று கேட்பதற்கு அதுதான் சரியான நேரம்.

மாதம் பிறப்பதற்கு ஐந்து நாள் முன்னால் இன்சார்ஜுக்கு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போடுங்கள்: ‘மேடம், வரும் மாதம் எனக்கு முடிந்த நாட்கள்: 12, 26 ஞாயிறு பகல். மற்ற நாள் கம்பெனி டூட்டி இருப்பதால் வர இயலாது. இந்த இரண்டு நாளும் நிச்சயம் வருவேன்.’ வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். எழுத்தில் இருந்தால் டூட்டி லிஸ்ட் போடும்போதே உங்களைச் சேர்த்துவிடுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வருகிற போனுக்கு, மறுநாள் விடுமுறையாக இருந்து, மதியம் தூங்கியும் இருந்தாலொழிய, ‘இன்னைக்கு முடியாதுங்க மேடம்’ என்று உடனே சொல்லிவிடுங்கள். ‘பார்க்கிறேன்’ என்று இழுத்துவிட்டு ஏழு மணிக்கு இல்லை என்பவரைத்தான் இன்சார்ஜ்கள் லிஸ்டிலிருந்து எடுக்கிறார்கள். நாலு மணிக்கே மறுத்தால் வேறு ஆள் தேட அவர்களுக்கு நேரம் இருக்கிறது.

ஒப்புக்கொள்வதற்கு முன் எந்த வார்டு, உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள், எத்தனை மணிக்கு யார் விடுவிப்பார்கள், பணம் அன்றைக்கா மாதக் கடைசியிலா என்று கேளுங்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி, வார்டு, வந்த நேரம், போன நேரம், பொறுப்பில் இருந்த சிஸ்டர் பெயர், தொகை எல்லாம் எழுதி வாருங்கள். நிரந்தரப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாததால் சம்பளக் கணக்குப் போடும்போது ஒரு டூட்டி விட்டுப்போவது சகஜம். நோட்டைக் காட்டினால் அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: காலை எட்டு மணிக்கு என்னை விடுவிக்க வேண்டியவர் அடிக்கடி ஒன்பதுக்குத்தான் வருகிறார். எனக்கோ எட்டரைக்கு வேறு இடத்தில் வேலை. இன்னொரு அட்டெண்டரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினால் தப்பா?
– வாசகர், அவினாசி

பதில்: தப்புதான் தம்பி. நோயாளியை யார் கையில் விட்டீர்கள் என்பதற்குச் சாட்சி இல்லாமல் கிளம்பினால், எட்டேகாலுக்கு அவர் விழுந்தாலும் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான் வரும். ஏழு மணிக்கே அடுத்தவருக்குப் போன் செய்யுங்கள். அவர் தாமதம் என்று தெரிந்தவுடன், எட்டு மணி ஆகும்வரை காத்திராமல் பொறுப்பு சிஸ்டரிடம் ‘எட்டுக்கு உங்களிடம் ஒப்படைக்கிறேன், அதற்குப் பிறகு இருக்க முடியாது’ என்று சொல்லிவிடுங்கள்.

ஆறரையிலிருந்தே வேலையை முடித்து வைத்தால் சிஸ்டரும் ஒப்படைப்பை மறுக்க மாட்டார். யூரின் பையை அளந்து காலி செய்து அளவை எழுதுங்கள். வாய் துடைத்து, துணி மாற்றி, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுங்கள். தடுப்பை ஏற்றி, காலிங் பெல்லை நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஒப்படைப்புப் புத்தகத்தில் நான்கு வரி போதும்: பெட் எண், இரவு சாப்பிட்டாரா, சிறுநீர் எவ்வளவு, புதிதாகக் கவனித்தது என்ன. அதன் கீழ் நேரம், உங்கள் கையெழுத்து, வாங்கிக்கொண்டவர் கையெழுத்து. இந்தக் கடைசிக் கையெழுத்து இல்லாமல் வார்டை விட்டு இறங்காதீர்கள்.

வாரம் ஒருமுறை இப்படி நடக்கிறதென்றால் அந்த இரவு டூட்டியே உங்களுக்கு ஒத்துவராது. இரவு முழுக்க விழித்தவர் எட்டரைக்கு இன்னொரு வேலையில் ஏறுவது பற்றி மேலே திருப்பூர் சகோதரிக்குச் சொன்ன கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: சிங்காநல்லூர் பக்கம் பம்ப் கம்பெனியில் வைண்டிங் பிரிவில் இருக்கிறேன். இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), பிஎப் (வருங்கால வைப்பு நிதி) இரண்டும் உண்டு. வாரக் கடைசியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆண் நர்சிங் அசிஸ்டெண்டாகப் போகிறேன். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகுமா? இரண்டு இடத்திலும் இஎஸ்ஐ பிடித்தால் என்ன ஆகும்?
– வாசகர், கோவை

பதில்: கம்பெனியில் சேரும்போது கையெழுத்துப் போட்ட வேலை உத்தரவையும் நிலையாணைகளையும் (கம்பெனியின் பணி விதிகள்) எடுத்துப் படியுங்கள். ‘நிறுவனத்தின் நலனைப் பாதிக்கும் வேறு வேலையில் ஈடுபடக் கூடாது’ என்ற விதி பெரும்பாலான ஆலைகளில் உண்டு. சில இடங்களில் வேறு எந்த வேலையும் முன் அனுமதியின்றிக் கூடாது என்றே இருக்கும். முதல் வகையென்றால், பம்ப் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தொழிற்போட்டி கிடையாது. நீங்கள் தூங்கி வழிந்துகொண்டு வேலைக்கு வராதவரை பிரச்சினைக்கு இடமில்லை. இரண்டாம் வகையென்றால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள்: ஞாயிறு மட்டும், கம்பெனி நேரத்தைத் தொடாது, ஓவர்டைம் இருக்கும் வாரம் போக மாட்டேன் என்று. மறைத்து வைத்து, பிறகு யாரோ போட்டுக் கொடுத்துத் தெரிய வருவதைவிட இது மேல்.

எப்படியும் தெரிந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். பிஎப்புக்கு ஆளுக்கு ஒரே யுஏஎன்தான், அதாவது ஒரே உறுப்பினர் எண். ஆஸ்பத்திரியும் பிஎப் பிடித்தால் அதே எண்ணில் இரண்டு நிறுவனமும் தெரியும். இஎஸ்ஐயும் அப்படித்தான், உங்கள் காப்பீட்டு எண் ஒன்று. ஆஸ்பத்திரியில் புதிதாகப் பதிய விடாதீர்கள், இருக்கிற எண்ணையே கொடுங்கள். இரண்டு எண் இருந்தால் சந்தா நாட்கள் இரண்டாகப் பிரிந்து, நோய் வந்து கேட்கும்போது எதிலும் கணக்குப் போதாமல் நிற்பீர்கள். இஎஸ்ஐக்குச் சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும்.

இங்கே ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 78. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று இஎஸ்ஐ ஆறு மாதக் கணக்கு வைக்கிறது. ஒரு ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா சேர்ந்திருந்தால்தான் அதற்குரிய பலன் காலத்தில் நோய்க்கால உதவித்தொகை வரும். சம்பளத்தில் 70 சதவீதம் என்று 91 நாள் வரை கிடைக்கும். ஆஸ்பத்திரி கூப்பிடுகிறது என்று கம்பெனிக்குச் சம்பளமில்லா லீவு போட்டுக்கொண்டே போனால் அந்த 78 குறையும். அந்த ஆஸ்பத்திரி உங்களுக்கு இஎஸ்ஐ பிடிப்பதில்லை என்றால், அங்கே பார்த்த நாள் இந்தக் கணக்கில் சேரவே சேராது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இஎஸ்ஐ டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி உதவித்தொகை பெறும் நாட்களில் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகாதீர்கள். அது பொய்த் தகவல் கொடுத்த குற்றம். வாங்கிய பணத்தையும் கட்ட வேண்டும், வழக்கும் வரலாம். ‘லேசான டூட்டிதானே’ என்பது அங்கே எடுபடாது.

கேள்வி: நான் ஸ்பின்னிங் மில் தொழிலாளி. விடுமுறை நாளில் ஒரு சிறிய நர்சிங் ஹோமுக்குப் போவேன். போன மாதம் டிரேயைக் கழுவ எடுத்தபோது பஞ்சுக்கு அடியில் கிடந்த ஊசி விரலில் ஏறிவிட்டது. ‘நீ பர்மனெண்ட் இல்லை, நீயே டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டுக்கோ’ என்று சொல்லிவிட்டார்கள். பயமாக இருக்கிறதுங்க.
– வாசகி, பல்லடம்

பதில்: ஒரு மாதம் கழித்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறோம். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், ஊசி குத்திய தேதியைச் சொல்லி எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குத்திய நாளிலிருந்து ஆறு வாரம் முடியும்போதும் மூன்று மாதம் முடியும்போதும் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். டாக்டர் சொன்னால் ஆறு மாதத்திலும். தைரியமாக இருங்கள். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றுவது ஆயிரத்தில் சுமார் மூன்று பேருக்குத்தான். மஞ்சள்காமாலை பி அப்படியில்லை, தடுப்பூசி போடாதவருக்கு நூறில் முப்பது வரை போகும். ஆகவே அந்தத் தடுப்பூசியை இன்றைக்கே தொடங்குங்கள். இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் ஒன்று. மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்க்கும் பரிசோதனை உண்டு. அளவு 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது.

இனி யாருக்கு இது நடந்தாலும் அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது இது. விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். டெட்டால், ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் ஊற்ற வேண்டாம், அவை சதையை அரித்து நிலைமையைக் கெடுக்கும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீரில் அலசுங்கள். மணியைக் குறித்துக்கொண்டு, அந்த ஊசி எந்த நோயாளிக்குப் போட்டது என்று சிஸ்டரிடம் கேட்டு, அவரது ஒப்புதலோடு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மாத்திரையின் முதல் வேளை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் இலவசமாகக் கிடைக்கும். கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் என்று நம் பக்கத்தில் எங்கிருந்தாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். நோயாளிக்கு மஞ்சள்காமாலை பி இருந்து உங்களுக்குத் தடுப்பூசி இல்லையென்றால், 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். சந்தேகத்துக்கு 1097-ஐ அழைக்கலாம், எச்ஐவி உதவி எண் அது.

‘பர்மனெண்ட் இல்லை’ என்ற பேச்சு சட்டப்படி செல்லாது. மருத்துவக் கழிவைக் கையாளும் ஊழியர்களுக்கும் மற்றவர்களுக்கும் மஞ்சள்காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டிய கடமை மருத்துவமனையுடையது என்று 2016-ம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. வருடம் ஒருமுறை உடல் பரிசோதனையும் அதில் உண்டு. இஎஸ்ஐ பொருந்தும் நிறுவனத்தில் தினக்கூலிக்கு வருபவரும் காப்பீட்டுக்குள் வருபவர்தான். பணியில் ஏற்படும் காயத்துக்கு 78 நாள் கணக்கெல்லாம் கிடையாது, முதல் நாளே பொருந்தும். நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதி இப்போதாவது ஒரு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அந்த ஊசி ஏன் டிரேயில் இருந்தது? போட்டவர் அங்கேயே வைத்துவிட்டுப் போனதால். ஊசியைப் பயன்படுத்தியவரே உடனே கட்டரில் வெட்டி, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். மூடியை மறுபடி மாட்டக் கூடாது. டப்பா முக்கால் நிறைந்ததும் மாற்ற வேண்டும், நிறைந்து வழியும் டப்பாதான் அடுத்தவரைக் குத்தும். ஊசி நீக்கிய சிரிஞ்ச், டிரிப் டியூப், யூரின் பை, கிளவுஸ் சிவப்பில். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி மஞ்சளில். கண்ணாடிப் புட்டி நீலத்தில். புது வார்டில் டூட்டி ஏறியதும் இந்த நான்கும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டிரேயில் கிடப்பதைக் கையால் அள்ளாமல் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள்.

கேள்வி: எனக்கு ஆஸ்பத்திரி கொடுக்கும் தொகையில் பத்து சதவீதம் பிடிக்கிறார்கள். வருமானமே குறைவு. திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கிடைக்கும். உங்களைச் சம்பளப் பட்டியலில் வைக்காமல் கட்டணம் கொடுத்ததாகக் கணக்கெழுதி டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிக்கிறார்கள். உங்கள் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பான் இல்லையென்றால் 20 சதவீதம் போகும். வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால் பிடித்த தொகை தெரியும். இரண்டு வருமானத்தையும் சேர்த்துக் காட்டி, கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதி வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். கணக்கில் பெயர் பானில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும். பலருக்குப் பணம் நிற்பது இந்த இடத்தில்தான்.

கேள்வி: காங்கயம் பக்கம் கிராமம். இரண்டு கறவை மாடு. காலை ஆறுக்கும் மாலை ஐந்துக்கும் சொசைட்டிக்குப் பால் ஊற்றோணும். வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பன்னிரண்டு மணி நேர டூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
– வாசகி, காங்கயம்

பதில்: கறக்க நம்பிக்கையான ஆள் வீட்டில் இருந்தால் போங்கள், இல்லையென்றால் வேண்டாம். ஒரு வேளை கறவை தவறினால் மடி கட்டிக்கொள்ளும். அடிக்கடி தவறினால் மடிநோய் வந்து காம்பே போய்விடும். ஒரு காம்பு போவதன் நஷ்டம் பத்து டூட்டிக் கூலியைச் சாப்பிட்டுவிடும். காலை எட்டரையிலிருந்து மூன்றரை வரை பகல் நேரம் மட்டும் என்று கேட்டுப் பாருங்கள். குளிப்பாட்டுவதும் மதியச் சாப்பாடும் அதற்குள் வந்துவிடுவதால் பல வீடுகளுக்கு அதுவே போதும்.

மாட்டுக் கொட்டகைத் துணியோடு நோயாளியிடம் போகாதீர்கள். கன்றுகளுக்கு வரும் படர்தாமரை மனிதருக்கும் ஒட்டும். படுக்கையில் இருப்பவருக்கு வந்தால் லேசில் ஆறாது. குளித்து, நகம் வெட்டி, தனியாக வைத்த துணி உடுத்திப் போய், அங்கே சோப்பில் 40 நொடி கை கழுவிய பிறகு நோயாளியைத் தொடுங்கள். திரும்பி வந்ததும் அந்தத் துணியைத் தனியாக ஊறவைத்துத் துவைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போங்கள்.

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடையில் நிற்கிற வேலை. ஏஜென்சி மூலம் வாரம் ஒரு இரவு, கடை விடுமுறைக்கு முந்தின நாள், வீட்டு நோயாளியைப் பார்க்கப் போகச் சொல்கிறார்கள். சான்றிதழ் ஒரிஜினல் கேட்கிறார்கள். படுத்த படுக்கையான, கனமான நோயாளியாம். நான் ஒருத்தி சமாளிக்க முடியுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஒரிஜினலை யாருக்கும் கொடுக்காதீர்கள். நகலின் மேல் குறுக்காக ‘இன்ன ஏஜென்சியில் பணிக்காக மட்டும்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஒரிஜினலை அவர்கள் பார்த்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தரட்டும். அதற்குச் சம்மதிக்காத ஏஜென்சி உங்களுக்கு வேண்டாம்.

போவதற்கு முன் வீட்டாரிடமே போனில் பேசுங்கள். நோயாளியின் எடை எவ்வளவு, எழுந்து உட்காருவாரா, யூரின் டியூப் இருக்கிறதா, மூக்கு வழி உணவுக் குழாய் இருக்கிறதா, இரவில் வீட்டில் வேறு யார் இருப்பார்கள், நீங்கள் படுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதில் தயங்கி வந்தால் போக வேண்டாம். போன இடத்தில் தொந்தரவு என்றால் பெண்கள் உதவி எண் 181. வீடும் உங்களுக்கு வேலையிடம்தான், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். ‘டிரிப் ஏற்றிவிடுங்கள், ஊசி போட்டுவிடுங்கள்’ என்று வீட்டார் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். அது பதிவு பெற்ற நர்ஸின் வேலை.

கனமானவரைப் பற்றி: தனியாகத் தூக்கவே கூடாது. திருப்புவது தனியாக முடியும், இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதுதான் உங்கள் முக்கிய வேலை. பழைய நாலு முழ வேட்டியை மடித்து, தோளிலிருந்து தொடை வரை அவருக்கு அடியில் எப்போதும் இருக்கும்படி விரித்து வையுங்கள். வலப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால் வலப்பக்கமே நின்றுகொண்டு, அவரது இடது முழங்காலை மடக்கி, இடக் கையை மார்பின் மேல் வையுங்கள். அந்தப் பக்கத்து வேட்டி ஓரத்தைப் பற்றி உங்களை நோக்கி இழுங்கள். முதுகை வளைக்காமல், ஒரு காலை முன்வைத்து, உடம்பின் எடையைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தால் இடுப்பு பிடிக்காது. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. குதிகால் மெத்தையைத் தொடாமல் நிற்கும்படி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. முழுக்க ஒருக்களிக்க வைக்க வேண்டாம். 30 டிகிரி சாய்வு போதும், இல்லையென்றால் பாரம் முழுக்க இடுப்பெலும்பில் இறங்கும்.

வேட்டி இல்லாமல் கையை அடியில் கொடுத்து இழுத்தால் தோல் விரிப்போடு உரசிக் கிழியும். படுக்கைப்புண் பல இப்படித்தான் தொடங்குகின்றன. திருப்பும்போதெல்லாம் டார்ச் அடித்து வால் எலும்பையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண்ணின் முதல் நிலை. அங்கே தேய்க்கக் கூடாது, அந்தப் பக்கம் படுக்கவும் விடக் கூடாது, வீட்டாரிடம் அப்போதே காட்டிவிடுங்கள். யூரின் பை எந்நேரமும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. திருப்பும்போது பையை மெத்தைமேல் வைத்து மறந்தால் சிறுநீர் திரும்பி ஏறிக் காய்ச்சல் வரும். உணவுக் குழாய் இருந்தால், ஊற்றிய பின் அரை மணி நேரத்துக்காவது தலைமாட்டைத் தாழ்த்தவோ அவரைத் திருப்பவோ வேண்டாம்.

நாள் முழுக்க நிற்கிற வேலை என்பதால் கடை முடிந்து நேரே போகாதீர்கள். அன்று ஆறு மணிக்கே விடும்படி முதலாளியிடம் கேட்டு, ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்து போங்கள். இரவு இரண்டு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம், காலையில் தூக்கம் வராது. திரும்பும்போது ஸ்கூட்டர் வேண்டாம், கண் அசருவது உங்களுக்கே தெரியாது. அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசும் இல்லை. கிளம்பும் முன் கடைசியாக எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் திருப்பினீர்கள், பையில் எவ்வளவு இருந்தது, எந்த இடம் சிவந்திருந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டு வாருங்கள்.